அப்பா, நான் ரெடிங் போகட்டே?

லண்டனில் ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம் பக்கம் இருக்கிற எங்கள் ஆட்களின் வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை இருந்தால், இந்தக் கேள்வி ஒருநாள் வராமல் போகாது. எங்கள் வீட்டுக்கு அது போன வருடம் தைப்பொங்கல் கழிந்த கையோடு வந்தது. ஆவணிக் கடைசியில் ரெடிங் நகரில், தேம்ஸ் ஆற்றோரம் நடக்கிற அந்த இசைவிழாவுக்கு மகள் போகப்போகிறாளாம். கூட மூன்று சினேகிதிகள்: ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒரு போலிஷ் பிள்ளை, ஒரு குஜராத்திப் பிள்ளை. நாலு இரவு கூடாரத்தில் படுக்கை. ரிக்கெற் கிட்டத்தட்ட 300 பவுண். சனிக்கிழமை வேலைக் காசில் தானே கட்டுவாளாம். பெரியவர்கள் யாரும் வரமாட்டார்கள். விழாவின் விதியே அவள் பக்கம்தான் நின்றது. பதினாறுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் ஒருவரோடுதான் உள்ளே போகலாம், பதினாறும் பதினேழும் தனியே போகலாம். பதினாறு வயதில் எழுதுகிற ஜிசிஎஸ்ஈ பரீட்சையின் பெறுபேறு வருகிற வியாழக்கிழமை அண்மைய வருடங்களில் விழாக் கிழமைக்குள்ளேயே விழுவதால், அது அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டுப் போகிற சடங்கு மாதிரியே ஆகிவிட்டது. பெறுபேற்றைக் கூடாரத்துக்குள் படுத்திருந்தபடி போனில் திறந்து பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். பிறகு மாதக்கணக்காக யோசித்தேன். பகலில் போகட்டும் என்று தோன்றும், இரவில் வேண்டாம் என்று தோன்றும். மனைவியோ முதல் நாளே முடிவு சொல்லிவிட்டா. "இஞ்சேருங்கோ, பொம்பிளைப் பிள்ளையை நாலு ராத்திரி வெளியில விடுறதோ?"

அந்தப் பேச்சில் எனக்குப் பட்ட முதல் முள் இதுதான். அக்காவின் மகன் ஜிசிஎஸ்ஈ முடித்த வருடம் இதே ரெடிங்குக்குப் போனான். அப்போது எங்கள் குடும்பத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமி போர்வை கொடுத்துவிட்டா, மாமா ஸ்டேஷனில் இறக்கிவிட்டார், அவ்வளவுதான். அவன் குடித்தானா, எதையாவது விழுங்கினானா, சண்டைக்குப் போனானா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, யாரும் தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. பெண் பிள்ளைக்கு அங்கே கூடுதல் ஆபத்து இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. நெரிசலில் கை போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் இதே விழாவின் சோடி விழாவான லீட்ஸில் போதைமருந்தால் 2019இல் இறந்தது பதினேழு வயதுப் பெண் என்றால், 2022இல் இறந்தது பதினாறு வயதுப் பையன். ஒரே குடும்பத்தில் பையனுக்குப் போர்வையும் பெண்ணுக்கு விசாரணையும் என்றால், எங்கள் பயம் ஆபத்தைப் பார்த்து வந்த பயம் மட்டும் இல்லை என்று மகளுக்கு விளங்காமல் இருக்குமா? அவளுக்கு நன்றாகவே விளங்கியது. வாய்விட்டுக் கேட்டாள்.

அனுப்பப்பட்டவர்கள்

அவள் கேட்ட இன்னொன்று என்னைக் கனநாள் அலைக்கழித்தது. "நீங்கள் பதினேழு வயசில தனிய லண்டன் வந்தனீங்கள்தானே அப்பா. நான் பாடிங்டனில ரயில் எடுத்து அரை மணித்தியாலத்தில போற இடம்."

என் வயதுக்காரர் பலரின் பிள்ளைகளிடம் இந்த வாதம் தயாராக இருக்கிறது. 1990இல் இலங்கையில் யுத்தம் மறுபடி மூண்ட பிறகு, மீசை அரும்பின பையன்களை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, காணியை ஈடுவைத்து, தாலிக்கொடியை அடகுவைத்து, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் கையில் கொடுத்து அனுப்பினார்கள். நானும் அப்படி வந்தவன்தான். முன்பின் தெரியாத ஊர்களில், முன்பின் தெரியாத ஆட்களோடு, பூட்டிய அறைகளில் கிடந்து வந்தேன். அந்த வயதில் என்னால் அது முடிந்தது என்றால் இவளுக்கு ரெடிங் ஒரு பொருட்டா என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் நான் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நான் போகவில்லை, அனுப்பப்பட்டேன். உனக்கு இது ஏலுமா என்று அம்மா என்னிடம் கேட்கவில்லை; கேட்கிற நிலையில் அவரும் இல்லை. அந்தப் பயணத்தில் நான் உயிரோடு வந்து சேர்ந்ததை என் கெட்டித்தனத்துக்குச் சாட்சியாக ஒருபோதும் எடுத்ததில்லை, ஏனென்றால் கூட வந்தவர்களில் எல்லாரும் வந்து சேரவில்லை. பட்ட கஷ்டத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு "நாங்கள் படாததோ" என்று பிள்ளையை அனுப்புவதும் பிழை, "நாங்கள் பட்டது போதும்" என்று பிள்ளையைப் பூட்டிவைப்பதும் பிழை. எங்கள் சமூகத்தில் இந்த இரண்டும் ஒரே தகப்பனின் வாயில் ஒரே நாளில் வரும்.

அந்தப் பயணத்திலிருந்து எனக்கு மிச்சமாக நின்ற ஒன்று வேறு. வருகிற வழியில் மொஸ்கோவில் ஒருநாள் இரவு காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தபோது, யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் ரெலிபோன் இல்லை. ஏஜென்சிக்காரனிடம் சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவானோ என்று பயம். ஆகவே காய்ச்சலை மறைத்தேன். அதை அப்போது பெரிதாக எடுக்கவில்லை. மகளின் பேச்சு எடுத்த பிறகுதான் அந்த அறை அடிக்கடி நினைவுக்கு வரத் தொடங்கியது.

கூடவே போனால்?

நடுவழி ஒன்று மனைவி கண்டுபிடித்தா. "நீங்களும் ஒரு ரிக்கெற் எடுத்துக் கூடப் போங்கோ." ஊரிலிருந்து கதைத்த சித்தியும் அதையே சொன்னா. 2024 மாசியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சியில் சனம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்த கதையை அவ நேரில் கண்டவ மாதிரிச் சொல்லி, "இஞ்சயே அப்பிடியெண்டா அங்க எப்பிடி இருக்கும்" என்றா.

கூடப்போவது பற்றி நான் உண்மையாகவே யோசித்தேன், கொஞ்சம் வாசித்தும் பார்த்தேன். வாசித்ததில் நித்திரை போனதுதான் மிச்சம். 2021 கார்த்திகையில் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் ராப் பாடகர் டிராவிஸ் ஸ்கொட்டின் ஆஸ்ட்ரோவேர்ல்ட் விழாவில் நெரிசலில் பத்துப் பேர் இறந்தார்கள். அதில் ஆகச் சின்னவனுக்கு ஒன்பது வயது. தகப்பனோடு போனவன், தகப்பனின் தோளில் இருந்தவன். நெரிசலில் தகப்பனே மூச்சடைத்து மயங்கி விழுந்துவிட்டார். சனம் ஒரு அளவுக்கு மேல் இறுகிவிட்டால் நெஞ்சு விரிய இடம் இருக்காது, நின்றபடியே மூச்சுத் திணறும். அந்த இறுக்கத்தில் தகப்பனின் கைக்கு எந்தப் பெலமும் கிடையாது. 2017இல் மான்செஸ்டரில் பாடகி அரியானா கிராண்டேயின் நிகழ்ச்சி முடிந்து சனம் வெளியே வருகிற நேரம் குண்டு வெடித்தது. இருபத்திரண்டு பேர் போனார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வாசலில் வந்து நின்ற தாய் தகப்பன்மாரும் அதில் அடக்கம்.

இவற்றை எழுதவே கை கூசுகிறது. தாய் தகப்பன் கூட இருப்பது வீண் என்று நான் சொல்லவரவில்லை. பத்து வயதுப் பிள்ளை என்றால் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவேன். ஆனால் பெருந்திரளில் வருகிற பேராபத்தைத் தடுப்பது வாசலின் அகலம், தடுப்புகளின் அமைப்பு, எத்தனை பேரை உள்ளே விடுகிறார்கள், மேடையில் இருப்பவர் எந்தக் கணத்தில் பாட்டை நிறுத்துகிறார் என்பவைதான். பெற்றாரால் உண்மையில் தடுக்கக்கூடியது அதைவிடச் சின்ன வட்டம். குடித்தது, விழுங்கியது, சாப்பிடாமல் வெயிலில் நின்றது, தெரியாதவனோடு தெரியாத கூடாரத்துக்குப் போனது. அந்த வட்டத்துக்குள்ளும், பதினாறு வயதுப் பிள்ளையின் பின்னால் இருபது அடி தள்ளி நடந்து திரிகிற தகப்பனால் எதையும் தடுக்க முடியாது. அவள் என்னை மறைக்கப் பழகுவாள், அவ்வளவுதான்.

இதை எங்கள் கோயிலிலேயே பார்க்கலாம். ஈலிங் அம்மனின் தேருக்கு ஆயிரக்கணக்கில் சனம் வரும். நாங்கள் எல்லாரும் அங்கேதான் நிற்போம். பிள்ளைகள் காலை முதல் பின்னேரம் வரை எங்கே, யாரோடு நின்றார்கள் என்று ஒரு தாய் தகப்பனுக்கும் தெரியாது. ஆனாலும் மனதில் பயம் வராது. அம்மன் பார்த்துக்கொள்வா என்ற நம்பிக்கையும், தெரிந்த முகங்கள் நாலு இருக்கும் என்ற ஆறுதலும்தான் காரணம். ரெடிங்கில் இரண்டும் இல்லை.

புட்டுக்கு மாக் கொத்தின பின்னேரம்

மனம் ஒரு பக்கம் சாய்ந்தது வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். நான் புட்டுக்கு மாக் குழைத்துவிட்டு, சுண்டுப் பேணியால் அதைக் கொத்திக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் நின்று உறைந்த தேங்காய்ப்பூவைக் கரண்டியால் உடைத்துக்கொண்டிருந்தாள். மனைவி வேலைக்குப் போயிருந்தா. அதுவரை நான் கேட்டதெல்லாம் "குடிப்பியோ?", "பையங்கள் வருவினமோ?" மாதிரிக் கேள்விகள். அவற்றுக்கெல்லாம் "இல்லை அப்பா" என்பதைத் தவிர வேறு பதில் வராது என்பது எனக்கும் தெரியும். அன்றைக்கு வேறு விதமாகக் கேட்டேன்.

"சனிக்கிழமை ராத்திரி. உன்ர சினேகிதி ஒருத்தி எதையோ எடுத்திட்டு விழுந்து கிடக்கிறாள். எழுப்பினா எழும்புறாளில்லை. முதல் என்ன செய்வாய்?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. கரண்டி நின்றது. பிறகு சொன்னாள்: "ஆர் எண்டதைப் பொறுத்தது."

"ஆர் விழுந்தா என்ன?"

"இல்லை அப்பா. அவளின்ர அம்மா எப்பிடி எண்டதைப் பொறுத்தது."

அவள் அதை எனக்கு விளக்கிச் சொன்ன விதத்தில் கள்ளம் எதுவும் இருக்கவில்லை, கணக்குப்பாடம் சொல்லித்தருவதுபோலச் சொன்னாள். போலிஷ் சினேகிதி என்றால் உடனே ஆளைக் கூப்பிடுவார்களாம். அவளின் அம்மா கத்துவா, பிறகு விட்டுவிடுவா. தமிழ்ச் சினேகிதி என்றால், கண் திறந்ததும் அவள் முதலில் சொல்லப்போவது "ஒருத்தரையும் கூப்பிடாதேங்கோ" என்பதுதானாம். வீட்டுக்குத் தெரிந்தால் யூனிவர்சிற்றிக்கும் வீட்டிலிருந்துதான் போகவேண்டிவரும். அதைவிட, அடுத்த கிழமைக்குள் கோயிலில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், பரதநாட்டிய வகுப்பில் எல்லாம் தெரிந்துவிடும். ஆகவே, "முதல் அவளை நித்திரையாக்கிப் பாப்பம். காலமை சரியாயிடும்."

நித்திரையாக்கிப் பார்ப்பது. மா சுண்டில் ஒட்டிக்கொண்டு நின்றது, நான் கொத்துவதை விட்டுவிட்டேன். மயங்கின பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்துப் போர்வையால் மூடினால், சத்தி எடுத்து அதுவே மூச்சுக்குழாயை அடைக்கும். எக்ஸ்டசி என்று விற்கிற போதை மாத்திரைகளில் சிலதில் பெரியவர் ஒருவர் வழக்கமாக எடுக்கிற அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு மருந்து இருக்கிறது. உடல் கொதித்துப் போகிறது, நேரத்தோடு ஆள் பார்த்தால்தான் காப்பாற்றலாம். அந்த நேரத்தைத்தான் இந்தப் பிள்ளைகள் எங்களுக்குப் பயந்து செலவழிக்கப் போகிறார்கள். விழாவில் உதவி இல்லாமல் இல்லை. மருத்துவக் கூடாரம் இரவு முழுக்கத் திறந்திருக்கும். என்ன எடுத்தது என்று அவர்கள் கேட்பது வைத்தியம் பார்க்கத்தான். வாசலில் போதைமருந்தைப் போட்டுவிட்டுப் போகப் பெட்டிகூட வைத்திருக்கிறார்கள். கூடாரத்திலிருந்து அந்த இடத்துக்கு நடந்துபோக எவ்வளவு நேரம் எடுக்கும்? பத்து நிமிடம் இருக்குமா? அந்தப் பத்து நிமிடத் தூரத்துக்குக் குறுக்கே நிற்பது நாங்கள்.

எனக்கு மொஸ்கோ அறை விளங்கியது அப்போதுதான். காய்ச்சலை மறைத்த பையனுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது. சொல்லக்கூடிய ஆள் இருக்கவில்லை.

அதன் பிறகு எனக்கு ரெடிங் பாதுகாப்பா, மகள் நம்பிக்கைக்குரியவளா என்ற இரண்டு கேள்விகளும் பின்னுக்குப் போய்விட்டன. முதலாவதற்கு என்னால் பதில் காண முடியாது. இரண்டாவதற்குப் பதினாறு வயதில் ஒருவராலும் பதில் சொல்ல முடியாது. மூன்றாவது கேள்விக்கு மட்டும்தான் நான் ஏதாவது செய்யலாம். அவளுக்கு ஆபத்தின் மேலுள்ள பயம் பெரிதா, என் மேலுள்ள பயம் பெரிதா?

எங்கள் வீட்டு ஹோலில்

ஆனியில் நாலு பிள்ளைகளையும் அவர்களின் பெற்றாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டோம். மனைவி முதலில் சம்மதிக்கவில்லை. மகள் சொன்னதை அப்படியே சொன்ன பிறகு, கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எண்டா எல்லாரையும் ஒண்டாக் கூப்பிடுங்கோ" என்றா. குஜராத்திப் பிள்ளையின் தகப்பன் மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தங்கள் மகள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டார். அவருடைய பிள்ளையை அவர்தான் அறிவார், நான் வற்புறுத்தவில்லை.

மற்றவர்கள் பிள்ளைகளின் முன்னாலேயே சில விஷயங்களை ஒப்புக்கொண்டோம். பிள்ளை எந்த நேரம் போன் அடித்தாலும் அந்த இரவில் ஏச்சு இல்லை, கேள்வி இல்லை. முதலில் மருத்துவக் கூடாரம், பிறகுதான் வீடு. சனம் கூடினால் போன் வேலை செய்யாது என்பதால் சந்திக்கிற இடம் ஒன்று, எல்லார் இலக்கமும் எழுதிய கடதாசி ஒன்று. மயங்கினவரை ஒருக்களித்துப் படுக்கவைப்பது எப்படி என்று போலிஷ் தாய், அவ ஒரு தாதி, எங்கள் கம்பளத்திலேயே செய்து காட்டினா. எல்லாவற்றிலும் கடுமையானது கடைசி வாக்குறுதி. எந்தப் பெற்றாருக்குப் போன் வருகிறதோ அவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அளவு இல்லாவிட்டால், மற்றப் பிள்ளையின் வீட்டுக்கு அந்தப் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் சொல்லக்கூடாது. பிள்ளைகள் கேட்டது இதைத்தான். இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் சும்மா என்று மகள் முகத்துக்கு நேரே சொன்னாள். தமிழ்ச் சினேகிதியின் தாயும் தலையாட்டினா.

போனார்கள். வியாழக்கிழமை பெறுபேறு நன்றாக வந்தது, மூன்று பேரும் சேறு பூசின முகத்தோடு படம் அனுப்பினார்கள். சனிக்கிழமை சாமம் கழிந்து போன் வந்தது. தமிழ்ச் சினேகிதி பகல் முழுக்கச் சாப்பிடாமல், யாரோ கொடுத்த சைடரைக் குடித்துவிட்டு விழுந்துவிட்டாள். ஒருத்தி ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு இருக்க, மற்றவள் மஞ்சள் அங்கி போட்ட ஊழியரிடம் ஓடியிருக்கிறாள். மகள் எனக்கு அடித்தது மருத்துவக் கூடாரத்திலிருந்து. "வரட்டே?" என்று கேட்டேன். "இப்ப வேண்டாம். கதைக்கிறாள். தண்ணி குடிக்கிறாள்." இந்த நாட்டில் 1969ஆம் வருடச் சட்டத்தின்படி பதினாறு வயதானவர் தன் வைத்தியத்துக்குத் தானே சம்மதம் கொடுக்கலாம். வீட்டுக்குச் சொல்லவா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அவள் வேண்டாம் என்றிருக்கிறாள். விடியும்வரை காற்சட்டை மாற்றாமல், கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தேன்.

அடுத்த கிழமை மரக்கறிக் கடையில் அந்தப் பிள்ளையின் தாயைக் கண்டேன். முருங்கைக்காயைத் தெரிந்துகொண்டே, "எல்லாம் நல்லாப் போச்சுதுதானே அண்ணை?" என்று கேட்டா. அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றதுதான் இந்த முழுக் கதையிலும் எனக்குக் கஷ்டமான இடம். "பிள்ளையிட்டக் கேளுங்கோ, அவளே சொல்லுவாள்" என்று மட்டும் சொன்னேன். அன்றிரவு மகள் மூலம் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன், நான் பொய் சொல்லமாட்டேன், ஆனால் உன்னை முந்தியும் சொல்லமாட்டேன் என்று. அவள் தாயிடம் சொல்லக் கொஞ்ச நாள் எடுத்தது. இரண்டு பேரும் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

தாய் மகளை ஏசவில்லை. கோபம் என்னில்தான். "ஒரு போன் அடிச்சிருக்கலாமே அண்ணை. உங்கட பிள்ளையாயிருந்தா நீங்கள் என்ன நினைப்பீங்கள்?" எனக்கும் தெரியவேண்டும் என்றுதான் நினைப்பேன், அதை அவவிடம் மறைக்கவில்லை. அந்த வாக்குறுதியைக் கொடுத்தபோது எங்களில் ஒவ்வொருவரும் போன் தன்னிடம்தான் வரும் என்று மனதுக்குள் வைத்திருந்தோம். போன் மற்ற வீட்டுக்குப் போய், தங்கள் வீட்டுக்குத் தெரியாமல் இருக்கப்போவது தங்கள் பிள்ளையின் கதை என்று ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனாலும் அன்றிரவு நான் அவவுக்குச் சொல்லியிருந்தால், அடுத்த முறை எந்தப் பிள்ளையும் எந்த வீட்டுக்கும் போன் அடிக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சில கிழமை அவ எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இந்த வருடமும் பிள்ளைகள் போகிறார்கள், குஜராத்திப் பிள்ளையும் கூட. போன கிழமை மறுபடி எங்கள் வீட்டில் கூடினோம். அந்தத் தாயும் வந்து, கடைசி வாக்குறுதியில் ஒரு திருத்தம் கேட்டா. மருத்துவக் கூடாரம் வரை போனால், ஆஸ்பத்திரி இல்லாவிட்டாலும், விடிவதற்குள் சொந்த வீட்டுக்குத் தெரியவேண்டும். சொல்வது பிள்ளையாகவே இருக்கட்டும். பிள்ளைகள் "விடிவதற்குள்" என்பதை "வீட்டுக்கு வந்த பிறகு" என்று மாற்றச் சொல்கிறார்கள். மனைவி தாயின் பக்கம், நான் பிள்ளைகளின் பக்கம். ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது, கதைத்துக்கொண்டிருக்கிறோம்.